குறுக்கே முப்பது புள்ளிகள்

பால்டிமோர்
9 நவம்பர் 2003

அன்புள்ள க்சாவியே,

போன ஞாயிற்றுக்கிழமை நாம் தொலைபேசியில் பதினொரு நிமிடம் பேசினோம். அதில் பேச்சு மூன்று நிமிடம்கூட இருக்காது. மீதி நேரம் ரெட்டியார்பாளையத்தில் நம் வீட்டு மின்விசிறி சுற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் நீங்கள், "நீ வேலைக்குப் போகல, ஓடிப் போயிட்டே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது. அழுதாலும் படிப்பவருக்குத் தெரியாது.

ஜூலையில் கிளம்பும்போது உங்களையும் கூப்பிட்டேன். இரண்டு வருட ஒப்பந்தம்தானே, வரைபட அலுவலகத்தில் விடுப்புக் கேளுங்கள் என்றேன். நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, இந்த ஊரை விட்டு வர முடியாது என்றீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவீர்களோ என்று பயம்.

இங்கே இலையெல்லாம் கொட்டிவிட்டது. காலையில் பனிமூட்டத்தில் நடந்து போகும்போது, யாரோ பென்சிலால் வரைந்து பாதி அழித்த ஊர் போல இருக்கிறது. எனக்கு எதிரே வருகிறவர்கள் திடீரென்று உண்டாகி, என்னைத் தாண்டியதும் இல்லாமல் போகிறார்கள். அதில் நடப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. என்னையும் யாருக்கும் தெரிவதில்லை.

என் வேலையைப் பற்றி உங்களிடம் சரியாகச் சொன்னதே இல்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும் சிறுகோள்களில் மிகப் பெரியது செரெஸ். அதைக் கண்டுபிடித்து இருநூறு வருடம் ஆகிவிட்டது. இன்னும் அதன் முகத்தை யாரும் தெளிவாகப் பார்த்ததில்லை. தரையிலிருந்து பார்த்தால் நடுவில் இருக்கும் காற்று நெளிந்து நெளிந்து படத்தைக் கலைத்துவிடுகிறது. அதனால் காற்றுக்கு மேலே சுற்றும் ஹபிள் தொலைநோக்கியை டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் அதன் பக்கம் திருப்பப் போகிறார்கள். அங்கே ஒரு நாள் என்பது நமக்கு ஒன்பது மணி நேரம். அந்த ஒரு நாளை முழுவதுமாகப் படமெடுக்க வேண்டும். வருகிற படங்களைச் சுத்தம் செய்து விளிம்பை அளக்கும் வேலையில் ஒரு சின்னப் பங்கு எனக்கு.

அத்தையின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் கேட்டதாகச் சொல்லுங்கள். சொல்ல வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள்.

அலெக்சாந்த்ரா


ரெட்டியார்பாளையம், புதுச்சேரி
24 நவம்பர் 2003

அலெக்சாந்த்ரா,

கடிதம் சனிக்கிழமை வந்தது.

நீ தொலைபேசியில் கூப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை எந்த நாள் என்று உனக்கு நினைவில்லை. நவம்பர் இரண்டு. கல்லறைத் திருநாள். நானும் அம்மாவும் உப்பளம் கல்லறையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தோம். என் செருப்பில் மண்கூடக் காயவில்லை. நீ பால்டிமோர் குளிரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய். அதனால்தான் அப்படிப் பேசினேன். பேசியது தப்பு என்று இப்போதும் தோன்றவில்லை.

எழுதலாம் என்கிறாய். சரி. இந்த வீட்டில் யாரும் வாயால் சொல்லாததை எழுதிவிடுகிறேன். மார்ச் பதினாறாம் தேதி நமக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. உயிர் இல்லாமல் பிறந்தது. நீ பார்க்க மாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் பார்த்தேன். உப்பளம் கல்லறையில், மதில் ஓரமாக, நானும் சாமியாரும் பிரசவ வார்டில் வேலை செய்யும் நம் தெரு வசந்தாக்காவும் நின்று அடக்கம் செய்தோம். சிலுவையில் என்ன பெயர் எழுதுவது என்று உன்னிடம் வந்து கேட்டேன். "பேர் வேணாம்" என்றாய். எட்டு மாதமாக அந்தச் சிலுவை ஒன்றும் எழுதாமல் நிற்கிறது. மழையில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நிமிர்த்தி, கல் வைத்து இறுக்கிவிட்டு வந்தேன்.

இந்த ஊரை விட்டு ஏன் வர முடியாது என்று நீ கேட்கவில்லை என்கிறாய். இதுதான். நானும் போய்விட்டால் அதை நிமிர்த்தி வைக்க ஆள் கிடையாது.

இன்னொரு விஷயம். நமக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கிறதே, அந்தச் சட்டத்தில் இப்போது உயிரில்லாமல் பிறந்த குழந்தைக்கும் லிவ்ரேயில் இடம் கொடுக்கிறார்களாம். தூதரகத்தில் விசாரித்தேன். கல்யாணத்தன்று நமக்குக் கொடுத்த அந்தக் குடும்பப் பதிவுப் புத்தகத்தில், பிள்ளைகளுக்கு என்று விட்டிருக்கும் பக்கத்தில், அவளுக்கு ஒரு பெயர் எழுதலாம். நான் தனியாகப் போயும் எழுதிவிட முடியும். ஆனால் நீ சொல்லாமல் எழுத மாட்டேன். யோசித்துச் சொல்.

அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியேதான்.

க்சாவியே


பால்டிமோர்
2 ஜனவரி 2004

அன்புள்ள க்சாவியே,

உங்கள் கடிதத்துக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. பதில் இல்லாமல் எழுதக் கூடாது என்று ஒரு மாதம் பேசாமல் இருந்தேன். ஆனால் படங்கள் வந்துவிட்டன, சொல்வதற்கு எனக்கு வேறு யாரும் இல்லை.

நேற்று புத்தாண்டு. கட்டிடத்தில் நாங்கள் நான்கு பேர்தான். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. பஞ்சு விழுவது போலச் சத்தமே இல்லை. திரையில் முதலில் வெறும் கறுப்பு. பிறகு நடுவில் ஒரு சாம்பல் பொட்டு. நெற்றியில் விபூதி வைத்து வியர்வையில் கொஞ்சம் அழிந்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி. இவ்வளவுதானா என்று ஒரு கணம் எல்லோருக்கும் தோன்றியிருக்க வேண்டும். குறுக்கே எண்ணினால் முப்பது புள்ளிகள். அவ்வளவுதான் செரெஸ். ஒவ்வொரு புள்ளியும் முப்பது கிலோமீட்டர். புதுச்சேரியில் பேருந்து ஏறிக் கடலூரில் இறங்குகிறவர் அந்த ஒரு புள்ளிக்குள்ளேயே இருந்திருப்பார்.

பிறகு படங்களை வரிசையாக ஓடவிட்டார்கள். அது திரும்பியது. மெதுவாக, தூக்கத்தில் புரள்வது போல.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்க் கொஞ்ச நேரம் ஜன்னலருகே நின்றுவிட்டு வந்தேன். அந்த வரியை அடித்துவிடவில்லை, இருக்கட்டும்.

அதில் வெளிச்சமாக ஓர் இடம் இருக்கிறது. இடது ஓரத்தில் வந்து, நடுவைக் கடந்து, வலது ஓரத்தில் போய் மறைகிறது. என்ன என்று யாருக்கும் தெரியாது. இருநூற்று மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு புத்தாண்டு நாளில்தான், சிசிலியில் ஒரு சாமியார் செரெஸைக் கண்டுபிடித்தார். சில வாரம் கூடவே பின்தொடர்ந்தார். பிறகு காய்ச்சலில் படுத்துவிட்டார். அதற்குள் அது சூரியன் பக்கம் போய்க் காணாமல் போய்விட்டது. ஒரு வருடம் எங்கே என்றே தெரியாமல், கணக்குப் போட்டுத் திரும்பக் கண்டுபிடித்தார்களாம். அந்த ஒரு வருடத்தில் அவர் என்ன நினைத்துக்கொண்டிருந்திருப்பார் என்று நேற்றெல்லாம் யோசித்தேன்.

மூன்று படங்களை அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். வெளியே காட்டக் கூடாது, நீங்கள் மட்டும் பாருங்கள்.

அலெக்சாந்த்ரா


ரெட்டியார்பாளையம்
20 ஜனவரி 2004

அலெக்சாந்த்ரா,

பொங்கலுக்கு அலுவலகம் நான்கு நாள் மூடியிருந்தது. திறந்ததும் முதல் வேலையாக உன் மூன்று படங்களையும் ஒளிமேசையில் வைத்தேன். அடியில் விளக்கைப் போட்டதும் அறை முழுவதும் அந்தச் சாம்பல் வெளிச்சம் பரவியது. மேலே டிரேசிங் தாளைப் போட்டு ஓரத்தை வரைந்தேன். எங்கே ஓரம் முடிகிறது, எங்கே கறுப்பு தொடங்குகிறது என்று பென்சிலுக்குத் தெரியவில்லை. மூன்று தரம் வரைந்தேன், மூன்று விதமாக வந்தது. இதைத்தான் நீ நாள் முழுக்கச் செய்கிறாயா? எனக்குக் காடுகளின் எல்லையை வரைவதே கஷ்டம் என்று நினைத்திருந்தேன்.

அகலத்தை நம் வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன். கன்னியாகுமரியில் ஒரு முனையை வைத்தால் கர்நூலைத் தாண்டிப் போகிறது. வெளிச்சமான இடத்தை மூன்று தாளிலும் குறித்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தேன். அது நகர்ந்திருக்கிற தூரத்தைப் பார்த்தால் முதல் படத்துக்கும் மூன்றாவதுக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி இருக்கும் என்று கணக்கிட்டேன். சரியா? சரி என்றால் எழுது. யாரிடமும் காட்டவில்லை. வீட்டில் அம்மா மட்டும் பார்த்தாள். என்னது என்று கேட்டாள். உன் மருமகள் அனுப்பிய உலகம் என்றேன். தாளை வெகு நேரம் வைத்திருந்துவிட்டு என்னிடம் கொடுத்தாள்.

இவ்வளவு தூரத்தில் இருப்பதைப் பார்க்க இவ்வளவு பேர் இவ்வளவு பாடுபடுகிறீர்கள். அதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று நான் களப்பணியிலிருந்து நேராக மருத்துவமனைக்கு வந்தேன். பையில் கேமரா இருந்தது. குழந்தையை மூன்று படம் எடுத்தேன். அந்தச் சுருளை இன்னும் கழுவவில்லை. கேமராவிலேயே, அலமாரி மேல்தட்டில் இருக்கிறது. கை நடுங்கியதால் ஒன்றும் விழுந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். உனக்குத் தெரியாமல் வைத்திருப்பது இனிமேல் முடியவில்லை.

க்சாவியே


பால்டிமோர்
3 பிப்ரவரி 2004

க்சாவியே,

இரண்டு மணி நேரம் சரி.

என்னைக் கேட்காமல் எப்படிப் படமெடுத்தீர்கள்? பார்க்க மாட்டேன் என்று நான் சொன்னது விளையாட்டுக்கா? கிளம்பும் வரை நான்கு மாதம் நான் அந்த அலமாரிக்குக் கீழே நின்று சேலை எடுத்திருக்கிறேன், மடித்து வைத்திருக்கிறேன். அங்கே என் தலைக்கு மேல் அது இருந்திருக்கிறது.

கழுவாதீர்கள். எனக்கு அனுப்பாதீர்கள். கொஞ்ச நாள் எழுத வேண்டாம்.

அலெக்சாந்த்ரா


ரெட்டியார்பாளையம்
17 மார்ச் 2004

அலெக்சாந்த்ரா,

எழுத வேண்டாம் என்றாய். நேற்று பதினாறாம் தேதி என்பதால் மட்டும் எழுதுகிறேன்.

காலையில் பூசைக்குப் போனோம். பிறகு உப்பளம். வசந்தாக்கா வேலைக்குப் போகிற வழியில் வந்து ஒரு முழம் மல்லிகையை வைத்துவிட்டுப் போனார். வெயில் ஏறும் வரை மதில் நிழலில் உட்கார்ந்திருந்தேன். துறைமுகப் பக்கத்திலிருந்து உப்புக்காற்று வந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கண் அசந்துவிட்டேன் போலிருக்கிறது. கனவில் நீயும் நானும் கடற்கரைச் சாலையில் நடந்தோம். மூன்று பேர் நடக்கிற மாதிரி இடம் விட்டு நடந்தோம்.

சுருளைக் கழுவவில்லை. உன்னிடம் சொல்லாமல் எடுத்தது தப்புதான். எடுத்ததற்கு வருத்தமில்லை. சொல்லாமல் இருந்ததற்கு வருத்தம்.

பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

க்சாவியே


பால்டிமோர்
22 ஆகஸ்ட் 2004

அன்புள்ள க்சாவியே,

ஐந்து மாதமாக உங்கள் கடிதம் என் பையிலேயே இருக்கிறது. மடிப்பில் கிழிந்துவிட்டது. மூன்று பேருக்கு இடம் விட்டு நடந்தோம் என்ற வரியை நான் பேருந்தில் படித்துவிட்டு, இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் போய்விட்டேன். அதற்குப் பிறகு ஒருநாளும் பேருந்தில் அதைப் பிரிக்கவில்லை.

வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் குழுவுக்குக் கூட்டம். விளிம்பின் அளவுகள் ஓரளவு முடிந்துவிட்டன. செரெஸ் உருண்டைதான், ஆனால் துருவப் பக்கம் கொஞ்சம் தட்டை. உள்ளே முழுவதும் ஒரே மாதிரியாக இருந்தால் இதைவிடத் தட்டையாக இருந்திருக்க வேண்டும். அப்படியில்லை என்பதால், கனமான கல் நடுவில் இறங்கி, லேசானது மேலே படிந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அந்த லேசானது தண்ணீர்ப் பனியாக இருக்கலாம். தூசிக்கு அடியில், யாரும் பார்க்காத ஒரு கடல் உறைந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். நானும்தான்.

அப்போது எங்கள் குழுத் தலைவர் எழுந்து, இதை இனிமேல் வெறும் கல் என்று நினைக்காதீர்கள் என்றார். இது ஒரு கரு. கோளாக வளர வேண்டியது, பக்கத்தில் இருந்த வியாழனின் இழுப்பு வளர விடவில்லை, பாதியில் நின்றுபோனது என்றார். மிகச் சாதாரணமாகச் சொன்னார். அவருக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது.

நான் வெளியே வந்துவிட்டேன். படிக்கட்டில் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் உங்களிடம் இதைச் சொல்லியாக வேண்டும் என்று தெரிந்தது.

மார்ச் பதின்மூன்று, அதுவும் வியாழக்கிழமை. சாயங்காலத்திலிருந்து அவள் அசையவில்லை. எனக்குத் தெரிந்தது. இந்த வேலைக்கான விண்ணப்பத்தை மறுநாள் அனுப்பியாக வேண்டும். லாஸ்பேட்டைக் கல்லூரியில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். தூங்குகிறாள், நாளைக்கு அசைவாள் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை விண்ணப்பத்தை அனுப்பினேன். சனிக்கிழமைதான் மருத்துவமனைக்குப் போகலாம் என்று உங்களிடம் தொலைபேசியில் சொன்னேன். வேலை கிடைத்தது என்று ஜூன் மாதம் கடிதம் வந்தபோது, அங்கேயே இருந்தால் அந்தக் கடிதத்தை ஒவ்வொரு நாளும் உங்கள் முன்னால் வைத்துக்கொண்டு வாழ வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் சொன்னது சரி. நான் ஓடித்தான் போனேன்.

பார்க்க மாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பியது வெறுப்பினால் இல்லை. அவள் முகத்தைப் பார்த்தால் அவளும் என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் கண் மூடியிருந்திருக்கும் என்றுகூட அப்போது தோன்றவில்லை.

படம் இப்போது வேண்டாம். நீங்கள் சொல்லுங்கள். எப்படி இருந்தாள்?

அலெக்சாந்த்ரா


ரெட்டியார்பாளையம்
7 செப்டம்பர் 2004

அன்புள்ள சாந்த்ரா,

முதலில் வியாழக்கிழமையை முடித்துவிடுகிறேன். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது, "இன்னைக்கு அசையலையா?" என்று உன்னைக் கேட்டேன். "தூங்குது" என்றாய். சரி என்று நான் விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் களப்பணிக்குக் கிளம்பிப் போனேன். கேட்டதும் நான், விட்டதும் நான். இதை நீ மறந்துவிட்டாய். நான் மறக்கவில்லை. பதினெட்டு மாதமாக நீ என்னைக் கேட்பாய் என்று காத்துக்கொண்டிருக்கிறேன்.

தொப்புள்கொடியில் முடிச்சு விழுந்திருந்தது என்று டாக்டர் சொன்னார். வியாழக்கிழமையே வந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. இதை நான் அப்போதே உன்னிடம் இரண்டு தரம் சொன்னேன். நீ தலையாட்டினாய், ஆனால் உன் காதில் விழவில்லை என்று இப்போது தெரிகிறது.

இனி அவள்.

நீ திரும்பிக்கொண்ட பிறகு வசந்தாக்கா அவளைத் துடைத்து, வெள்ளைத் துண்டில் சுற்றி, வராந்தாவுக்குக் கொண்டுவந்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். "ஒரு தரம் வாங்கிக்கோ க்சாவியே. அப்பறம் வேணும்னாலும் கெடைக்காது" என்றார். வாங்கிக்கொண்டேன். நம் வீட்டுப் பெரிய அகராதி அளவு கனம் இருந்தாள். உடம்பில் சூடு இன்னும் போகவில்லை. அது உன்னுடைய சூடு.

வராந்தாவின் கடைசியில் ஜன்னல். வெளியே பாதாம் மரம். காலை வெயில் இலையில் பட்டு அந்த மூலை முழுவதும் லேசான பச்சையாக இருந்தது. அங்கே கொண்டுபோய்ப் பார்த்தேன். கண் மூடியிருந்தது, சாந்த்ரா. யாரையும் பார்க்கவில்லை. யாரையும் குற்றம் சொல்கிற முகம் இல்லை அது. புருவம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெல்லிசு. உதடு கொஞ்சம் கறுத்திருந்தது. மூக்கு உன் மூக்கு, அதில் சந்தேகமே இல்லை. முடி ஈரமாகச் சுருண்டு நெற்றியில் ஒட்டியிருந்தது. வலது கையை இறுக்கி மூடிவைத்திருந்தாள். விரலை நுழைத்துத் திறக்கலாமா என்று நினைத்தேன். செய்யவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. வசந்தாக்கா பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார், அவசரப்படுத்தவில்லை. பிறகு அவர் கையில் கொடுத்துவிட்டு மூன்று படம் எடுத்தேன்.

அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. தினமும் நினைப்பதால் சில இடம் தேய்ந்துவிட்டது. இன்னும் தேய்வதற்குள் உன்னிடம் கொடுத்துவிட்டேன்.

க்சாவியே


பால்டிமோர்
20 செப்டம்பர் 2004

அன்புள்ள க்சாவியே,

சுருளைக் கழுவுங்கள். எது விழுந்திருந்தாலும் அனுப்புங்கள். விழாவிட்டாலும் எழுதுங்கள்.

இன்றைக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது. உங்கள் கடிதத்தைப் பத்து தரம் படித்தேன்.

சாந்த்ரா


ரெட்டியார்பாளையம்
5 அக்டோபர் 2004

சாந்த்ரா,

உப்பளத்தில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். நடத்துபவர் பெயர் கன்னியப்பன். ஒன்றரை வருடம் கேமராவிலேயே வெயில் காலம் எல்லாம் இருந்திருக்கிறது, நம்பிக்கை வைக்காதீர்கள் என்று சொல்லித்தான் வாங்கிக்கொண்டார். மறுநாள் போனபோது கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் போகும் வரை என்னை உட்காரச் சொன்னார். பிறகு உறையைக் கொடுத்தார். பணம் எடுத்தேன், கையை மட்டும் அசைத்து வேண்டாம் என்றார்.

இரண்டு படம் முழுக்க மங்கிப்போய்விட்டது. ஒன்று விழுந்திருக்கிறது. கை நடுங்கியது உண்மைதான். எனக்கு ஒரு பிரதி வைத்துக்கொண்டேன். உனக்கு இதோடு.

தனியாக இருக்கும்போது பிரிக்காதே என்று சொல்ல நினைத்தேன். பிறகு உன் இஷ்டம் என்று விட்டுவிட்டேன்.

க்சாவியே


பால்டிமோர்
17 அக்டோபர் 2004

அன்புள்ள க்சாவியே,

உறை நேற்று வந்தது. சனிக்கிழமை. அறையில் நான் மட்டும்தான். ஜன்னல் ஓரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு பிரித்தேன்.

முதலில் அந்தப் பச்சைதான் தெரிந்தது, நீங்கள் எழுதியிருந்த பாதாம் மரத்துப் பச்சை. பிறகு வசந்தாக்காவின் வளையல். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் இருந்தாள்.

மங்கலான படத்திலிருந்து விளிம்பை எடுப்பது என் தொழில். இதை ஸ்கேனரில் வைத்து, உங்கள் கை எந்தப் பக்கம் எவ்வளவு நடுங்கியது என்று கணக்குப் போட்டால், ஓரளவு தெளிவாக்க முடியும். மேசை வரை எடுத்துக்கொண்டு போனேன். பிறகு வேண்டாம் என்று வைத்துவிட்டேன். அந்த நடுக்கம் நீங்கள். அதை எடுத்துவிட்டால் படத்தில் அவள் தனியாக இருப்பாள்.

சாயங்காலம் வரை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். வெளியே மஞ்சள் இலைகள் விழுந்துகொண்டிருந்தன. மூக்கு என்னுடையது என்று எழுதியிருந்தீர்கள். சரிதான். ஆனால் காது உங்களுடையது, மேலே கொஞ்சம் மடங்கி. அதை நீங்கள் சொல்லவில்லை. இன்னொன்று, கையை மூடிவைத்திருந்தாள் என்று எழுதினீர்கள். மூடவில்லை, க்சாவியே. விரல்கள் விரிந்துதான் இருக்கின்றன. உங்கள் பிரதியை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்தையும் எண்ண முடிகிறது.

நான் அழுதேன். ஆனால் நான் பயந்துகொண்டிருந்த அழுகை இது இல்லை.

அவள் பெயர் அனைஸ்.

நீங்கள் செரெஸ் என்று வைத்துவிடுவேனோ என்று பயந்திருப்பீர்கள். அது அந்த உலகத்துக்கு வைத்த பெயர், அதுவே வைத்துக்கொள்ளட்டும். அனைஸ் எனக்கு எப்போதும் பிடித்த பெயர். ஆறாவது மாதத்திலேயே மனசுக்குள் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அதனால்தான் நீங்கள் கேட்டபோது பெயர் வேண்டாம் என்றேன். புதிதாக வைப்பதற்கு ஒன்றும் இல்லை, இருந்ததைக் கொடுக்க மனசு வரவில்லை. அத்தைக்கு வாயில் வராவிட்டால் அன்னம்மா என்று கூப்பிடட்டும். இரண்டும் ஒன்றுதான்.

லிவ்ரேயில் எழுதுங்கள். சிலுவையிலும் எழுதுங்கள்.

என் ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கேட்கிறார்கள். செரெஸைப் பற்றிய கட்டுரை முடிய இன்னும் நாளாகும். நான் இருக்க விரும்புகிறேன். ஓடி வந்த இடம்தான், இப்போது இது என் வேலையும்கூட. இதைச் சொன்னால் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று தெரியவில்லை. ஆனால் இனிமேல் எதையும் சொல்லாமல் இருக்க மாட்டேன்.

சாந்த்ரா


ரெட்டியார்பாளையம்
3 நவம்பர் 2004

அன்புள்ள சாந்த்ரா,

உன் கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை காலையிலேயே லிவ்ரேயை எடுத்துக்கொண்டு தூதரகத்துக்குப் போனேன். மருத்துவமனைச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, அங்கே இருந்த அம்மாள் பெயரை எழுத்துக்கூட்டச் சொன்னார். சொன்னேன். பிரெஞ்சு i எழுத்தின் மேல் இரண்டு புள்ளி உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். பிறந்த தேதி, இடம், தாயின் பெயர், தகப்பன் பெயர் எல்லாம் எழுதி, முத்திரை குத்தி, மை காயும்படி புத்தகத்தைத் திறந்தபடியே என் பக்கம் தள்ளினார். மை காய்ந்த பிறகும் என்னால் அதை மூட முடியவில்லை. அவர் அடுத்த ஆளைக் கூப்பிடாமல் காத்திருந்தார்.

நேற்று கல்லறைத் திருநாள். மழை இல்லை. சிலுவையில் வெள்ளைப் பெயிண்டால் நானே எழுதினேன். வரைபடத்தில் ஊர்ப்பெயர் எழுதுகிற அதே எழுத்து. அம்மா மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, "அன்னம்மா" என்று கூப்பிட்டாள். ஒருத்தியைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்.

என் பிரதியை ஒளிமேசையில் வைத்துப் பார்த்தேன். நீ சொன்னது சரி. விரல்கள் விரிந்திருக்கின்றன. ஐந்து. இத்தனை நாள் மூடியிருந்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ இருக்க விரும்புவதாக எழுதியதைச் சனிக்கிழமை முழுவதும் திரும்பத் திரும்பப் படித்தேன். கோபமா என்று எனக்கே தெரியவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில் அம்மா ஸ்கூட்டரின் பின்னாலிருந்து, "நீ போய்ட்டு வா. உப்பளத்துக்கு நான் போறேன், வசந்தா கூட்டிட்டுப் போவா" என்றாள். நான் அவளிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை. மூட்டுவலியோடு எப்படிம்மா என்றேன். பஸ் இருக்கிறது என்றாள்.

அலுவலகத்தில் மூன்று மாதம் விடுப்புக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியாது. நீ அங்கேயும் நான் இங்கேயுமாக இருப்போமோ, நான் அங்கேயே எதையாவது வரைந்துகொண்டு இருப்பேனோ, அதை எதிரெதிரே உட்கார்ந்து பேசலாம். சண்டை போட்டாலும் எதிரில் இருந்து போடலாம்.

இருபத்து மூன்றாம் தேதி சென்னையில் விமானம் ஏறுகிறேன். மறுநாள் மதியம் அங்கே இறங்கும். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் உன்னிடம் வந்துவிடும். விமான நிலையத்துக்கு வர வேண்டாம், குளிரும், நானே விலாசம் கேட்டு வந்துவிடுவேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

வா.

க்சாவியே